ஃபிரிட்ஜுக்கு அடியில்

பிப்ரவரியில் குத்தாயிசியில் மின்சாரம் போனால்
ஃபிரிட்ஜை நகர்த்துவது எளிது.
அது உறுமாது; அவ்தோவை எழுப்பாது.
அடியில் கிடந்தது பழைய லினோலியம்,
பழுப்புக் கட்டம் போட்டது,
கூடவே இரண்டு கோபெக் காசு,
என் காதணித் திருகு ஒன்று.
ரொட்டிக் கத்தியால் ஒரு சாண் அறுத்தெடுத்தேன்.
யாரும் பார்க்காத தரை
யாருக்குச் சொந்தம், சொல்லுங்கள்.

இதற்கு முன் உருளைக்கிழங்கு.
நட்சத்திரம் நன்றாகத்தான் வந்தது,
மறுநாள் சுருங்கிக் காது மாதிரி ஆகிவிட்டது.
அப்புறம் பால் அட்டைப்பெட்டி:
உள்பக்க வெள்ளிப் பூச்சில் ஊசியால் கீறி,
மை தடவி, துடைத்து,
மூன்றாம் மாடி லமாராவின்
துணி பிழியும் உருளைக்குள் விட்டுச் சுற்றினேன்.
ரியோனி ஆற்றுப் பாலம் வந்தது.
பாலத்துக்குக் குறுக்கே ஒரு கோடும் வந்தது,
பெட்டியின் மடிப்பு.
லமாரா அதை மின்கம்பி என்றாள்.
நானும் ஆமாம் என்றுவிட்டேன்.
அந்த வாரம் முழுக்க அவளுடைய தலையணை உறைகள்
சாம்பல் நிறத்தில் காய்ந்தன.

லினோலியம் வேறு ரகம்.
குளிரில் உடையும், சூட்டில் வெண்ணெய்.
சுடுதண்ணீர்ப் பைமேல் வைத்து,
காய்ச்சல்காரப் பிள்ளை போல மடியில் கிடத்திச் செதுக்கினேன்.
உளி ஏது?
உடைந்த குடையின் கம்பி,
நடுவில் வாய்க்கால் போலக் குழிந்தது,
அதன் நுனியைக் கல்லில் தீட்டிக்கொண்டேன்.
எங்கள் எழுத்தில் நேர்கோடு அரிது,
எல்லாம் கொக்கி, வளையம், வால்.
'ட்கெமாலி' என்று ஏழே எழுத்து,
கோடையில் காய்ச்சிய புளிப்புப் பிளம் குழம்புக்கு
ஜாடிமேல் ஒட்ட ஒரு பெயர்.
நான்காம் எழுத்தின் வளைவில் கம்பி சறுக்கியது.
மையைவிட ரத்தம் நன்றாகவே ஒட்டுகிறது.

கண்ணாடித் துண்டில் கறுப்புச் சாயம்,
உருட்ட ஒயின் போத்தல்,
அலுவலகத்திலிருந்து (கேட்காதீர்கள்)
வெங்காயத் தோல் போன்ற நகல் தாள்.
மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து
ஓரத்தைப் பிடித்து உரிக்கும்போது
ஈர உதடுகள் பிரிவது போல ஒரு சின்னச் சத்தம்.
அந்தச் சத்தத்துக்காகவே இன்னொன்று,
இன்னொன்று.
இருபத்தாறாவது தாளில் மின்சாரம் வந்தது.
அப்போதுதான் பார்த்தேன்.

பேருந்து நிலையத்தில் பதினேழு வருடமாக
முத்திரை குத்துபவள் நான்.
ரப்பரின் அடிப்பக்கத்தை ஊசியால் சுத்தம் செய்பவள்.
அங்கே எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி நிற்கும் என்று
இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்?
எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் நேராகச் செதுக்கியிருக்கிறேன்.

"எந்த நாட்டுச் சரக்கு?" என்றார் அவ்தோ.
தெக்லே கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து
ஏழு எழுத்தையும் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.
கோபத்தில் மாவுப் பசை கிண்டி
இருபத்தாறு ஜாடியிலும் ஒட்டித் தொலைத்தேன்.

மார்ச்சில் ஒரு சாப்பாட்டு நேரம்.
குழம்பு ஜாடியில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.
லமாரா கரண்டியை வாயில் வைத்தபடி
அப்படியே நின்றுவிட்டாள்.
சீட்டு என் பக்கம் பார்த்து ஒட்டியிருந்தது,
அவள் எதிர்ப்பக்கம்.
மெல்லிய தாளில் மை பின்னால் ஊறி,
கண்ணாடி வழியே, காலியான இடத்தின் வழியே
எழுத்துகளின் தலைகள் மட்டும்
சரியான வரிசையில்.
"ட்கெ..." என்றாள்.
மீதி குழம்புக்குள் இருந்தது.

தெக்லே ரொட்டியைக் கிழித்தாள்.
அவ்தோ தன் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டார்.
ஒருவரும் பேசவில்லை, தின்றோம்,
வால்கள் தெரியும்வரை.

இப்போது ஃபிரிட்ஜின் ஒரு கால் பள்ளத்தில்.
கதவு தானாகத் திறந்துகொள்கிறது.
அவ்தோ கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
அட்டை ஒன்றை மடித்துச் செருகினார்:
என் ரியோனிப் பாலம்.

குளியலறையில் நீலக் கட்டம்.
கதவுக்குப் பின்னால் ஒரு சாண் இருக்கும்.
அங்கே யார் பார்க்கிறார்கள்.